பனிக்காலச் சாரத்தியமும் கண்டி மலைவீதியும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, ஜேர்மனியில் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய பழைய மாணவர் என்ற முறையில் அந்நாட்டின் கைத்தொழில் வளர்ச்சி பற்றியோ கல்விமுறை பற்றியோ நாம் எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுத அறிஞர் பலர் உளர். எமக்கோ அந்நாட்டை நினைக்குந்தோறும் மனக்கண்முன் முதலில் தோன்றுவது வேறொரு காட்சியாகும். விடியாத மார்கழிக் காலை. வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 8 பாகை காட்டும். வீதியோரத்தில் வரிசையாக நிற்கும் கார்களின் அருகே, வங்கி முகாமையாளர் முதலாகத் தபாற்காரர் ஈறாக ஊரிலுள்ளாரெல்லாம் கையில் ஒரு சிறு பிளாஸ்ரிக் தகட்டை வைத்துக்கொண்டு, தேங்காய் துருவுவார்போலக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பர். எந்தக் காரின் இயந்திரமும் ஓடாது. சுரண்டும் ஒலியன்றி வீதியில் வேறோசை இராது.

1994ஆம் ஆண்டின் இறுதியில் நாம் ஸ்ருட்கார்ட் நகரை அடைந்து, இயந்திர உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையொன்றில் வரைபடம் வரையும் வேலையில் அமர்ந்தோம். அடுத்த குளிர்காலத்தில் பழைய கார் ஒன்றும் எமக்கு வாய்த்தது. ஊரில் நாம் கண்டறிந்த வழக்கம் யாதெனில், காலையில் எழுந்ததும் இயந்திரத்தை இயக்கிவிட்டு, அது சூடேறும்வரை உள்ளே வந்து தேநீர் பருகுவதாகும். கண்டியின் 18 பாகைக் குளிருக்கே இவ்வுபசாரம் நடைபெறுமாயின், உறைபனிக்கு எத்துணை உபசாரம் வேண்டும்! ஆதலின் இயந்திரத்தை ஓடவிட்டு, சூட்டுக்காற்றையும் திறந்துவிட்டு, மாடியேறி வந்து தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தோம்.

அழைப்பு மணி ஒலித்தது. கீழ்வீட்டு அம்மையார் நின்றார். வயது எழுபதைக் கடந்தவர்.

"உங்கள் கார் ஓடிக்கொண்டிருக்கிறது," என்றார்.

நாம் மறந்துவிட்டோமென எண்ணி உதவ வந்தார் போலும் என்று கருதி, நன்றி கூறி, "சூடேறட்டும் என்று விட்டிருக்கிறோம்," என்றோம். அம்மையார் எம்மை நோக்கிய பார்வை, குழாயைத் திறந்து நல்ல தண்ணீரை வீதியில் ஓடவிட்டவனை நோக்கும் பார்வையாக இருந்தது. "அது சட்டப்படி கூடாது," என்றார். பின்னர்ச் சற்றே தயங்கி, "காருக்கும் நல்லதன்று," என்று கூறிப் படியிறங்கினார்.

அன்று மாலை எமது கதவின் கைப்பிடியில் ஒரு சிறு பொதி தொங்கியது. உள்ளே, கையுறையொன்றின் நுனியில் பொருத்திய பனிச்சுரண்டி. விரல் விறைக்காமல் சுரண்டுதற்கென்றே அவ்வாறு செய்து விற்கிறார்கள். அவ்வாரம் ஊருக்கு எழுதிய கடிதத்தில், "ஒரு கரண்டி பெற்றோலை மிச்சம்பிடிப்பதற்காகக் கால்மணி நேரம் வெளியில் நின்று விறைக்கும் சனங்களிடையே வந்து சேர்ந்திருக்கிறோம்," என்று எழுதியதும், அதைப் படித்து வீட்டார் விழுந்து விழுந்து சிரித்ததும் இன்றும் நினைவிலுள்ளன.

அம்மையார் சொன்ன சட்டம் உண்மையானதே. 1970ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேர்மானிய வீதிப் போக்குவரத்து ஒழுங்குவிதியின் 30ஆம் பிரிவு, தேவையின்றி இயந்திரத்தை ஓடவிடுவதைத் தடைசெய்கிறது. நிற்கும் காரைச் சூடாக்குவதும் அத்தடையுள் அடங்கும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் தண்டப் பட்டியலைத் திருத்தியபோது, இக்குற்றத்துக்கு 80 ஈரோ எனக் குறித்தார்கள். அதற்கு முன்னர் அது அற்பத் தொகையே. ஆயினும் தண்டத்துக்கு அஞ்சி அவர்கள் சுரண்டவில்லை. பொலிஸ்காரர் எவரும் அவ்வீதியில் அவ்வேளையில் நின்றதை நாம் கண்டதில்லை. அயலார் கண்ணுக்கே அஞ்சினர் என்று சொல்லலாம். அவ்வச்சம் எம்மையும் விரைவில் பற்றிக்கொண்டது.

"காருக்கும் நல்லதன்று" என்ற இரண்டாவது வாக்கியத்தின் பொருளை எமக்கு விளங்கவைத்தவர் தொழிற்சாலையில் உடனிருந்த பொறியியலாளர் ஒருவர். குளிர்ந்த இயந்திரத்தினுள் பெற்றோல் நன்கு ஆவியாகாது. ஆகவே எரியவேண்டிய அளவு ஆவியைப் பெறுதற்காக வழக்கத்தினும் கூடுதலான பெற்றோல் உள்ளே செலுத்தப்படுகிறது. எரியாது எஞ்சியது உருளையின் சுவரில் படிந்து, அங்குள்ள மசகெண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழிறங்குகிறது. எண்ணெய் நீர்க்கிறது, உருளை தேய்கிறது. நின்ற நிலையில் இயந்திரம் சுமையின்றி ஓடுவதால் மெல்லவே சூடேறும். ஆதலின் இத்தீங்கு நெடுநேரம் நீடிக்கும். மாறாக, இயக்கியவுடன் வண்டியை மெதுவாகச் செலுத்தத் தொடங்கினால், சுமையேற்ற இயந்திரம் சில நிமிடங்களில் உரிய சூட்டை அடைந்துவிடும். புகைக்குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் வினையூக்கிப் பெட்டியும் ஏறத்தாழ 300 பாகைச் சூட்டை எட்டிய பின்னரே நச்சு வாயுக்களை மாற்றும் தொழிலைத் தொடங்குகிறது. குளிர்ந்த இயந்திரம் நின்றபடி முனகும் அப்பத்து நிமிடமும் அப்பெட்டி உறங்கிக்கொண்டிருக்கும். எனவே காரின் வாழ்நாளிலேயே மிக அழுக்கான நிமிடங்கள் வீட்டு வாயிலில் கழிகின்றன.

இவ்விளக்கத்தைக் கேட்ட பின்னர் சிரிப்பு ஒருவாறு அடங்கிற்று எனினும், அவர்களுடைய பனிக்கால ஒழுக்கங்கள் எல்லாவற்றையும் நாம் உடனே ஏற்றோமல்லேம். சுவாபியர் என்னும் அப்பகுதி மக்களிடம் 'துடைப்ப வாரம்' என்றொரு வழக்கம் உண்டு. தொடர்மாடியில் குடியிருப்போர் முறைவைத்து வாரமொருவராகப் படிக்கட்டையும் நடைபாதையையும் கூட்டவேண்டும். முறை யாருடையதோ அவர் கதவில் ஒரு பலகை தொங்கும். பனிக்காலத்தில் அம்முறை பனி அள்ளும் முறையாகும். அள்ளிய இடத்தில் உப்புத் தூவினால் பனி உருகிவிடுமே என்றால், உப்பு மரங்களின் வேரைக் கெடுக்குமென்று பல நகரங்களில் வீட்டாருக்கு உப்பு விலக்கப்பட்டிருக்கிறது. மணலோ கற்றுகளோ தூவவேண்டும். ஒக்ரோபர் முதல் ஈஸ்ரர் வரை பனிக்கால ரயர் என்பது வாய்மொழி வழக்கு; 2010 முதல் உறைபனி வீதியில் அவ்வகை ரயரின்றிச் செல்லுதல் சட்டப்படியும் குற்றம். கண்ணாடியில் ஒரு துவாரமளவு சுரண்டிவிட்டு அதனூடே பார்த்து ஓட்டுபவருக்கும் தண்டம் உண்டு. கூரைமேலுள்ள பனியையும் தள்ளிவிட்டே புறப்படவேண்டும். இல்லையேல் அது பின்னால் வருபவரின் முகத்தில் விழும். புகையிரதக் கடவைகள் சிலவற்றில், நிற்கும்போது இயந்திரத்தை நிறுத்துக என்ற அறிவித்தற் பலகையும் காணப்படும்.

இத்துணைக் கட்டுப்பாடுடையவர்கள் கோடை வந்ததும் என் செய்கிறார்கள் என்பதையும் சொல்லாவிடின் இக்கட்டுரை முகமன் ஆகிவிடும். ஹம் நகரில் 2002ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த்திருவிழாவுக்கு ஒருமுறை புறப்பட்டோம். எமது கார் பழுதுற்றிருந்தமையால், தேர் காணும் ஆவலில் தொழிற்சாலை நண்பர் ஒருவர் தம் காரில் அழைத்துச் சென்றார். காலையில் வீட்டு வாயிலில் நாம் பெட்டி ஏற்றும்வரை இயந்திரத்தை இயக்க மறுத்த அதே மனிதர், 'ஓட்டோபான்' எனப்படும் பெருந்தெருவில் ஏறியதும் மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் பறந்தார். வேகம் இருமடங்காகும்போது காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பதை அவர் அறியாதவரல்லர். அங்கு 130 கிலோமீற்றர் என்பது பரிந்துரைக்கப்பட்ட வேகமேயன்றிப் பொதுவான மேலெல்லையன்று. கரண்டியால் சேர்த்ததை அண்டாவால் ஊற்றுகிறீர்களே என்று கேட்டோம். "அது வேறு, இது வேறு," என்றார். 2015ஆம் ஆண்டில், அந்நாட்டின் பெரிய கார் நிறுவனமொன்று புகைப் பரிசோதனையை ஏமாற்றுதற்கெனத் தன் டீசல் கார்களில் சூழ்ச்சி நிரலைப் பொருத்திவந்த செய்தி உலகெங்கும் வெளியானபோது, கீழ்வீட்டு அம்மையாரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எமக்கே கூச்சமாயிருந்தது. தமக்கே நேர்ந்த அவமானம்போல அவர் பல நாள் அதைப்பற்றிப் பேசினார்.

ஆயினும் ஸ்ருட்கார்ட் மக்கள் பனிக்காலப் புகைக்கு அஞ்சுதற்குத் தனிக் காரணமொன்றுண்டு. அந்நகர் ஒரு கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது. நகர நடுவிடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 245 மீற்றர் உயரத்திலிருக்க, சூழவுள்ள குன்றுகள் அதனினும் 200 மீற்றருக்குமேல் உயர்ந்துள்ளன. 1956இல் ஒரு குன்றின்மேல் எழுப்பப்பட்ட தொலைக்காட்சிக் கோபுரத்தில் ஏறித் தை மாதக் காலையில் கீழே நோக்கினால், மேலே இளவெயில் காய, நகரம் முழுவதும் சாம்பனிறப் போர்வையுள் கிடப்பதைக் காணலாம்.

நம் கல்லூரியில் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் ஒருநாள் கண்ணாடிச் சாடியினுள் புகையும் ஊதுவத்தியை வைத்து, மேல்வாயில் வெந்நீர்ப் பாத்திரத்தை அமர்த்திக் காட்டினார். புகை மேலெழுந்து, சூடான அடுக்கைத் தொட்டதும் ஏறமாட்டாது, பக்கவாட்டில் பரவிச் சாடியை நிரப்பியது. பின் வரிசையிலிருந்த நாம் அன்று அதிற் பெரும் பயன் காணவில்லை. ஸ்ருட்கார்ட் கோபுரத்தின் உச்சியில் நின்றபோதுதான் அச்சாடி நினைவுக்கு வந்தது. பொதுவாக, மேலே செல்லச் செல்லக் காற்றுக் குளிர்ந்துகொண்டு போகும். ஆதலின் தரையிலுள்ள சூடான காற்று புகையையும் ஏந்திக்கொண்டு எழும். ஆனால் மேகமற்ற, காற்றடிக்காத இரவில் மலைச்சரிவுகள் விரைவில் குளிர்கின்றன. அவற்றைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்து, நீர்போல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேலே இருப்பது அதனினும் சூடான காற்று. அச்சூடான அடுக்கு மூடியாகிவிடுகிறது. ஞாயிறு ஏறித் தரையைச் சுடவைக்கும்வரை மூடி திறவாது. அதுவரை நகரோர் விட்ட புகை நகரோர் மூக்கிலேயே சுற்றிவரும்.

இதில் விந்தை யாதெனில், கார் என்னும் பொருள் பிறந்த நாடே அதுவாகும். கார்ல் பென்ஸ் தமது வண்டிக்கு உரிமைப்பத்திரம் கோரியது 1886ஆம் ஆண்டு தை மாதம் 29ஆம் நாள், மன்ஹைம் நகரில். டைம்லர் அதே ஆண்டில் கன்ஸ்ராட்டில் வண்டி செய்தார். கன்ஸ்ராட் இன்று ஸ்ருட்கார்டின் ஒரு பகுதி. பெற்ற பிள்ளையின் புகை பெற்ற தாயையே இருமவைத்தது. 2016ஆம் ஆண்டு தை மாதத்தில் ஸ்ருட்கார்ட் நகராட்சி 'நுண்தூசி அபாய அறிவிப்பு' என்னும் முறையைத் தொடங்கிற்று. வானிலையாளர் மூடி விழப்போகிறதென முன்னறிந்து கூறியதும், காரை வீட்டில் விட்டுப் புகையிரதத்திலும் பஸ்ஸிலும் செல்லுமாறு வேண்டுகோள் விடுக்கப்படும். பயணச்சீட்டின் விலை குறைக்கப்படும். அழகுக்காக விறகெரிக்கும் அடுப்புகளும் அந்நாட்களில் விலக்கப்பட்டன. ஐரோப்பிய விதிப்படி ஆண்டில் 35 நாட்களுக்குமேல் நுண்தூசி வரம்பு மீறப்படலாகாது. ஜேர்மனியிலேயே மிக அழுக்கான வீதிமுனை என்று பெயர்பெற்ற நெக்கார்ரோர் சந்தி, 2018இல் முதன்முறையாக அவ்வரம்புக்குள் வந்தது. 2020இல் அறிவிப்பு முறை கைவிடப்பட்டது. அதற்கெல்லாம் நெடுங்காலம் முன்னரே, 1938 முதல், அந்நகராட்சி தனக்கென வானிலை அறிஞரை வைத்திருக்கிறது. எந்தச் சரிவினூடாக இரவில் தூய காற்று நகருள் இறங்குகிறதோ அந்தச் சரிவில் வீடு கட்டவிடாமல் காப்பது அவர் துறையின் வேலைகளுள் ஒன்று.

2019இல் நாம் ஊர் திரும்பிக் கண்டியில், ஹந்தானைச் சரிவில், மகள் வீட்டில் தங்கினோம். முதல் தை மாதக் காலையில் சாளரத்தைத் திறந்தோம். கீழே வாவியும் இல்லை, தலதா மாளிகையும் இல்லை. சாம்பனிறப் போர்வை ஒன்றே கிடந்தது. மேலே பஹிரவகந்தைப் புத்தர் சிலை வெயிலில் ஒளிர்ந்தது. ஸ்ருட்கார்ட் கோபுரத்தின் உச்சிக்கே மீண்டும் வந்துவிட்டோமோ எனத் திகைத்தோம். அயல்வீட்டில் கார் ஒன்று நின்றபடி முனகிக்கொண்டிருந்தது. வீட்டார் உள்ளே தேநீர் பருகிக்கொண்டிருந்தார்கள் போலும்.

கண்டியும் ஒரு கிண்ணமே. சுமார் 500 மீற்றர் உயரத்தில் கிடக்கும் இப்பள்ளத்தைத் தெற்கே ஹந்தானையும், வடக்கே உடவத்தகலே வனமும், மேற்கே பஹிரவகந்தையும் சூழ்கின்றன. இராசதானி அமைத்தோர் பகைவர் எளிதில் நுழையாதிருத்தற்பொருட்டு இவ்விடத்தைத் தேர்ந்தார்கள். பகைவருக்கு இருந்த தடை காற்றுக்கும் உண்டு. வாவியை வெட்டி முடித்த மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் காலத்தில் புகை என்பது அடுக்களைப் புகையே. இன்று கொழும்பு, மாத்தளை, நுவரெலியா, மகியங்கனை என நாற்றிசையினின்றும் வரும் வீதிகள் இக்கிண்ணத்துள் இறங்கி முடிச்சிடுகின்றன. 1998ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்பின் பின்னர்த் தலதா மாளிகை முன்னுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டமையால், அச்சுமையையும் ஏனைய வீதிகள் சுமக்க நேர்ந்தது. மாத்தளைப் புகையிரதப் பாதை நகரினுள்ளேயே வீதிகளைக் குறுக்கிடுகிறது. படலை விழுந்ததும் இருபக்கமும் நீளும் வரிசையில் இயந்திரத்தை நிறுத்துவோர் அரியர். நல்லன நடக்கவில்லை என்று சொல்லோம்: ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் ஒழிந்தது, வருடாந்தப் புகைப் பரிசோதனை 2008இல் தொடங்கிற்று. ஆனால் பரிசோதனையில் தேறிய வண்டியும் தேவையின்றி ஓடிநின்றால் புகையே விடும்.

எமக்குப் பெரிதாகத் தோன்றுவது நேரப் பொருத்தம். மூடி இறுகிக் கிடப்பது விடியற்காலை முதல் ஞாயிறு ஏறும்வரை. பாடசாலை தொடங்குவது காலை ஏழரை மணி. நகரிலும் வாவியைச் சுற்றியும் உள்ள அத்தனை பாடசாலைகளுக்கும் பிள்ளைகளை ஏற்றிவரும் வான்களும் பஸ்களும் கார்களும், ஒரு நாளில் காற்று மிகக் குறைவாக அசையும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் கிண்ணத்தினுள் கூடுகின்றன. டீசல் புகை புற்றுநோயை விளைவிக்கக்கூடியதென உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2012இல் வகைப்படுத்தியிருக்கிறது. புகைக்குழாயின் வாய் பெரியவருக்கு முழங்காலளவில் இருக்கிறது. முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு அது மூக்குக்கு எத்துணை அண்மையில் உள்ளதென்பதை அருகில் நின்று பார்த்தால் விளங்கும்.

நம்மவர் எரிபொருளைச் சிக்கனம் செய்யத் தெரியாதவர்கள் என்று எவரும் எண்ணிவிடவேண்டா. சிக்கனம் உண்டு, அது வேறிடத்தில் இருக்கிறது. கண்டிக்கு வந்த புதிதில் கொழும்பு செல்ல வான் ஒன்றை அமர்த்தினோம். 1832இல் தோசன் என்ற பொறியியலாளரின் நினைவாக எழுப்பிய கோபுரத்தைக் கடந்து கடுகண்ணாவை இறக்கம் தொடங்கியதும், சாரதி கியரைத் தள்ளி நியூற்றலில் விட்டார். இயந்திரத்தின் ஒலி தாழ்ந்தது. வண்டி தன் பாட்டில் உருண்டது.

"தம்பி, ஏன் கியரைக் கழற்றினீர்?" என்றோம்.

"சும்மா உருளட்டும் ஐயா. கியரில் போட்டால் இஞ்சின் இழுத்து எண்ணெய் குடிக்கும். அப்பாவும் இந்த ரோட்டில் லொறி ஓடினவர். அவர் பழக்கின பழக்கம்."

தந்தையார் சொன்னது அவர் காலத்துக்குப் பொருந்தியது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் காபரேற்றர் என்னும் கருவி, இயந்திரம் எவ்வளவு உறிஞ்சுமோ அவ்வளவு பெற்றோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். இறக்கத்தில் கியரில் வேகமாகச் சுழலும் இயந்திரம் பயனின்றிப் பெற்றோலை உறிஞ்சியது. நியூற்றலில் மெல்லச் சுழன்றபோது குறைவாக உறிஞ்சியது. 1967இல் ஸ்ருட்கார்டின் பொஷ் நிறுவனம், பெற்றோலை மின்னணு முறையால் அளந்து பீச்சும் சாதனத்தைக் கார்களுக்கு வழங்கத் தொடங்கிய பின்னர், கதை மெல்ல மாறியது. இக்காலக் கார் கியரில் இறங்கும்போது, சாரதி மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் எரிபொருள் அறவே நிறுத்தப்படுகிறது. இயந்திரத்தைச் சுழற்றுவது சில்லுகளே, செலவு பூச்சியம். நியூற்றலில் விட்டாலோ, சில்லுக்கும் இயந்திரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. அணையாமலிருக்க அது எரிபொருளை எரித்தேயாகவேண்டும். ஆகவே மிச்சம்பிடிப்பதாக எண்ணிச் செய்யும் செயலே செலவைக் கூட்டுகிறது.

அதனினும் பெரியது உயிர்ச் செய்தி. கியரில் இறங்கும் வண்டியை இயந்திரமே பின்னிழுத்துப் பிடிக்கும். நியூற்றலில் அப்பிடி இல்லை; முழுச் சுமையும் பிறேக்கின்மேல் விழும். கல்லூரியில் கற்ற கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். இரண்டு தொன் நிறையுள்ள வான் 300 மீற்றர் உயரம் இறங்கினால், ஏறக்குறைய 19 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் வெளிப்படும். ஒரு பகுதியைக் காற்றும் வீதியும் எடுத்துக்கொள்ள, எஞ்சியதெல்லாம் உள்ளங்கையளவான சில பிறேக் கட்டைகளிலும் அவற்றோடு உராயும் தட்டுகளிலும் வெப்பமாகிறது. மிகச் சூடேறிய கட்டை பிடியை இழக்கும். மிதித்தாலும் வண்டி நில்லாது. மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் இறங்கியோர்க்கு அக்கருகிய மணம் தெரிந்திருக்கும். பழஞ்சாரதிகள், ஏறிய கியரிலேயே இறங்கு என்பார்கள். முதன்முதலாக நெடுந்தூரம் கார் ஓட்டியவர் பென்ஸின் மனைவி பெர்த்தா அம்மையார். 1888ஆம் ஆண்டு ஆவணியில் கணவருக்குச் சொல்லாமல் இரு மைந்தரோடு மன்ஹைமிலிருந்து புறப்பட்ட அவர், ஏற்றங்களில் பிள்ளைகளை இறக்கித் தள்ளவைத்தார்; இறக்கங்களில் பிறேக் கட்டை தேய்ந்துபோக, வழியிலிருந்த சப்பாத்துத் தைப்பவரிடம் அதற்குத் தோல் தைப்பித்துக்கொண்டு சென்றார்.

இவற்றையெல்லாம் அத்தம்பிக்கு மாவனல்லை வருமுன்னே சொல்லி முடித்தோம். பொறுமையாகக் கேட்டார். "ஐயா சொல்வது சரியாயிருக்கலாம்," என்றார். அடுத்த இறக்கத்திலும் கை தானாக நியூற்றலுக்குப் போயிற்று. எம்மைக் கண்ணாடியிற் பார்த்துச் சிரித்துவிட்டு மீண்டும் கியரில் போட்டார்.

பின்னர் 2022 வந்தது. முந்திய ஆண்டின் இறுதியில் லீற்றர் 177 ரூபாவாயிருந்த பெற்றோல், ஆனி மாத இறுதியில் 470 ரூபா ஆயிற்று, அவ்விலைக்கும் கிடைக்கவில்லை. ஆடியில் கியூஆர் குறியீட்டுப் பங்கீடு வந்தபோது கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். எரிபொருள் நிலையங்களிலிருந்து நீண்ட வரிசைகளில் ஒரு வண்டியின் இயந்திரமும் ஓடவில்லை. முன்னால் நின்றது நகர்ந்தால் பின்னால் நின்றதைக் கையாலேயே தள்ளினார்கள். முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் தோள்கொடுத்தார்கள். இயந்திரத்தைச் சூடாக்கித் தேநீர் பருகிய அயல்வீட்டார், இயக்கிய கணமே புறப்பட்டுப் போனார்கள். ஜேர்மானியரும் ஒருகால் இவ்வாறு கற்றவர்களே: 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியில், கார்த்திகை 25 தொடக்கம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கார் ஓட்டத் தடைவிதிக்கப்பட, மக்கள் பெருந்தெருக்களில் நடந்தும் சைக்கிளிலும் சென்றார்கள். நமது பங்கீடு 2023 புரட்டாதியில் நீங்கிற்று. சில கிழமைகளில் அயல்வீட்டுக் கார் மீண்டும் முனகத் தொடங்கியது.

இப்போது பேரனைப் பாடசாலையிலிருந்து அழைத்துவருவது எமது வேலை. ஒன்றரை மணிக்கு மணியடிக்கும். ஒரு மணிக்கே வான்கள் வரிசையிட்டுவிடும். பாதிக்கு மேற்பட்டவை குளிரூட்டியோடு ஓடிக்கொண்டு நிற்கும். நின்றபடி ஓடும் சிறிய இயந்திரம் மணிக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர்வரை குடிக்கும். குளிரூட்டியும் சேர்ந்தால் அதனினும் கூடும். ஒருநாள் எமக்கு அண்மையில் நின்ற வானின் சாரதியிடம் மெல்லப் பேச்சுக்கொடுத்தோம்.

"நிறுத்தலாம் ஐயா. பிள்ளைகள் ஏறும்போது உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும். தாய்மார் எனக்குத்தான் ஏசுவார்கள்."

இது நியாயமே. கீழ்வீட்டு அம்மையாருக்குக் குளிரைத் தாங்குவதே சிக்கல். வெயிலில் நிற்கும் தகரப் பெட்டிபற்றி அவர் எதுவும் சொல்லித்தரவில்லை.

"அதோடு பற்றறியும் பழசு. நிறுத்தினால் பிறகு தள்ளத்தான் வேணும்."

"2022இல் தள்ளினீரோ?"

"அது வேறு காலம் ஐயா," என்று நகைத்தார். பெருந்தெருவில் பறந்த நண்பரின் விடையும் ஏறக்குறைய இதுவே.

மறுநாள் அந்தப் பனிச்சுரண்டியைக் கொண்டுபோய்க் காட்டினோம். கையுறையோடு கூடிய அப்பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்கென்று சொன்னோம். "ஸ்ராட் பண்ணிவிட்டால் தானாக உருகுமே! இதற்கு ஏன் கையால் சுரண்டுகிறார்கள்?" என்று கேட்டு, கண்ணில் நீர்வரச் சிரித்தார். சிரித்து முடிந்ததும், சக்கரத்தில் ஒட்டும் சேற்றைச் சுரண்ட உதவும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அக்கிழமையில் புதிய பற்றறி ஒன்றும் மாற்றியிருந்தார். எமது பேச்சினாலன்று, பழையது உயிரைவிட்டமையால். இப்போது வீதியின் மறுபக்கம் நிற்கும் மாரா மரத்தின் நிழலில் வானை நிறுத்தி, கதவுகளைத் திறந்துவைத்துவிட்டுப் படியில் அமர்ந்து பத்திரிகை வாசிக்கிறார். மணியடித்ததும் குளிரூட்டியைப் போடுகிறார். அந்நிழலுக்கு மூன்று வான்களே கொள்ளும். நான்காவதாக வருபவர் வெயிலில் நின்று இயந்திரத்தை ஓடவிடுகிறார். நேரத்தோடு வந்தால் அவருக்கும் இடமுண்டென்று நாம் சொல்லியிருக்கிறோம்.